பன்னிரண்டாவது ஆள்

துருக்கியின் தியார்பகிர் நகர நீதிமன்றத்தின் மூன்றாம் மாடியில், காவலன் கதவருகே நின்று ஆட்களை எண்ணி உள்ளே விட்டுக்கொண்டிருந்தான். பன்னிரண்டு பேருக்குத்தான் அனுமதி. முன்னால் நின்ற தலைகளை ரூகென் மூன்று முறை எண்ணிவிட்டாள். அவள்தான் பன்னிரண்டாவது.

ஏழு மாதமாகிறது கணவன் ஷேக்மூஸை நேரில் பார்த்து. ஊரே ஓட்டுப் போட்டு நகரத் தலைவராக்கிய மனிதனை ஒரே கையெழுத்தில் இறக்கி, நாட்டின் மறுகோடிச் சிறையில் அடைத்துவிட்டார்கள். போன விசாரணைகளில் எல்லாம் சிறையிலிருந்து காணொளித் திரையில்தான் வந்தான், தீப்பெட்டி அளவு முகத்தோடு. உள்ளே உண்ணாவிரதம் இருந்தான் என்று பிறர் சொல்லித்தான் தெரியும். கடிதத்திலோ, 'எடை கூடிவிட்டது, கவலைப்படாதே' என்று எழுதுவான். புளுகக்கூடத் தெரியாத இந்த மனுஷன் எப்படித்தான் அரசியலுக்கு வந்தானோ! இன்று நேரில் கொண்டுவருகிறார்கள். கூடிய எடையை அவள் தன் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

வக்கீல் மெடெனி போன வாரமே சொல்லியிருந்தான்.

"அக்கா, வெளிநாட்டு அரசாங்கம் ஒண்ணு அறிக்கை விட்டிருக்கு. குர்து தலைவர்களை நடத்துற விதம் ஆழ்ந்த கவலை தருதாம்."

"அய்யோ பாவம். சோறாவது இறங்குதாமா அவங்களுக்கு?"

"கிண்டல் பண்ணாதீங்க. தூதரகத்துலேருந்து ஆள் வருது. அவங்க உக்காந்திருந்தா நீதிபதி கொஞ்சம் காது கொடுத்துக் கேப்பாரு."

அந்தத் தூதரக ஆள் இப்போதுதான் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். நடுத்தர வயது, கையில் நோட்டு, வியர்வையில் ஒட்டிய முடி. ரூகெனுக்குப் பின்னால் வந்து நின்றாள். காவலன் "அடுத்து" என்றான்.

வாசல் என்று ஒன்று இருந்து, பக்கத்தில் விருந்தாளி என்று ஒருவர் நின்றால், அந்த ஊரில் யாரும் முதலில் காலை எடுத்து வைக்க மாட்டார்கள். ரூகெனின் உடம்பு தானாக விலகியது. கை தானாக நெஞ்சுக்குப் போனது. "நீங்க வாங்க, முதல்ல நீங்க." அந்தப் பெண் சிரித்துத் தலையசைத்து உள்ளே போனாள். பின்னாலேயே கால் வைத்த ரூகெனின் குறுக்கே காவலனின் கை நீண்டது.

"பன்னெண்டு ஆச்சு."

"நான் அவரு பொண்டாட்டிப்பா!"

"உங்களை யாரு வழி விடச் சொன்னது?" அவன் குரலில் கடுமைகூட இல்லை. கதவைச் சாத்தினான்.

கெஞ்சினாள், சண்டை போட்டாள், பிறகு சுவரில் சாய்ந்து தன்னையே திட்டிக்கொண்டாள். இரண்டு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தபோது ஷேக்மூஸைப் பின்வழியாகக் கொண்டுபோயிருந்தார்கள். மெடெனியும் அந்தப் பெண்ணும் சேர்ந்து வெளியே வந்தார்கள்.

"தள்ளி வச்சுட்டாங்க அக்கா. நாலு மாசம்."

"ஆளு எப்படி இருக்காரு? இளைச்சுட்டாரா?"

மெடெனி கோப்பின் நாடாவை இறுக்கினான். "நல்லாத்தான் இருக்காரு."

ரூகென் அவனை விட்டுவிட்டு அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்றாள். இருவருக்கும் பொதுவாய் மொழி கிடையாது. தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, புருவத்தை உயர்த்தினாள்.

அந்தப் பெண் மெடெனியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவள் நோட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, தன் சிவந்த கன்னங்கள் இரண்டையும் மெல்ல உள்ளே இழுத்தாள். ரூகென் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்தாள்.