கொல்லையில் அடித்த மருந்து

வைரக்கண்ணு மருந்தடிக்கும் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு கொல்லைக்குள் இறங்கியபோது அப்போதுதான் விடிந்திருந்தது. மாசமாக இருக்கும் மகள் குந்தவைக்கு ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. இன்னும் ஆறு நாள்தான். பந்தி கொல்லையில்தான் என்று முடிவாகியிருந்தது. அங்கேயோ மழைக்கு முளைத்த புல் முழங்கால் உயரம் நின்றது. மண்வெட்டியால் செதுக்கிப் போட்டால் அரைநாள் வேலை, மாட்டுக்கும் தீனி. ஆனால் மனுசனுக்குச் சோம்பல் வந்துவிட்டால் அதற்கு அவசரம் என்று பெயர் வைத்துக்கொள்வான்.

வயலுக்கு வாங்கியதில் மிஞ்சிய களைக்கொல்லி மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. பக்கத்திலேயே குருத்துப்பூச்சிக்கு அடித்த மருந்தும் கால் பாட்டில் இருந்தது. புல்லுக்கும் ஆச்சு, பூரானுக்கும் ஆச்சு என்று இரண்டையும் ஒரே டேங்கில் ஊற்றினார். வயலில் மருந்தடித்தால் வரப்பில் அடையாளத்துக்கு வேப்பங்கொத்தைச் செருகி, ஆடு மாடு மேய்ப்பவர்களிடம் நாலு தடவை சொல்லிவிட்டு வருகிற ஆள் அவர். இது சொந்தக் கொல்லைதானே, யாரிடம் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டார். மனைவி தர்மாம்பாளிடம்கூட மூச்சு விடவில்லை.

சம்பா வயல்களில் எல்லாம் அந்த வாரம் மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். ஊரே நெடியடித்தது. அதில் இவர் கொல்லை நெடி யாருக்குத் தனியாகத் தெரியப்போகிறது? புல் பச்சையாகவே நின்றது. வேலியோரம் படர்ந்திருந்த பொன்னாங்கண்ணியும் பச்சையாகவே நின்றது. அந்த மருந்தின் சூதே அதுதான். பட்ட செடி வாடுவதற்கு நாலைந்து நாள் ஆகும்.

பகலில் புருசனும் பெண்டாட்டியும் வளையல் வாங்கக் குடவாசலுக்குப் போனார்கள். கடையில் நிற்கும்போது குந்தவை போன் செய்தாள். தர்மாம்பாள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, சமைக்கணும்னு ஓடி வர வேணாம். கமரு அத்தை சோறு கொண்டாந்து போட்டாங்க."

அடுத்த வீட்டுக் கமருன்னிஸாவைத்தான் சொன்னாள். மாசமான பெண்ணுக்கு அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு நாள் ஆக்கிக் கொடுப்பது அந்தத் தெருப் பழக்கம்.

"என்னடி ஆக்கியிருக்காங்க?"

"பொன்னாங்கண்ணி கடைஞ்சு கொண்டாந்தாங்க. நீங்க கெளம்புனப்புறம் நம்ம கொல்லையில பறிச்சதுதான்."

வைரக்கண்ணு போனைப் பிடுங்கினார். "அந்தக் கீரையத் தொடாதம்மா."

"ஏம்ப்பா? பாதி சோறு சாப்ட்டுட்டேனே. என்னமோ வயித்தப் பெரட்டுது. தண்ணியா ஊறுது வாயெல்லாம்."

உடனே கமருன்னிஸாவோடு ஆட்டோ பிடித்துத் திருவாரூர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். தர்மாம்பாள் வழியெல்லாம் என்ன, ஏது என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவர் வண்டியை விரட்டினார்.

ஆஸ்பத்திரியில், இது பூச்சிமருந்து விஷம்தான் என்று கண்டுகொண்ட டாக்டர் பூர்ணிமா அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "என்ன மருந்து அடிச்சீங்க?" என்றார்.

"ரெண்டு மருந்தும்மா. ஒண்ணாக் கலந்துட்டேன்."

"வயித்துல ஏழு மாசப் பிள்ளை இருக்கு. எந்த மருந்துக்குன்னு நான் வைத்தியம் பாக்கறது?" என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது.

சேதி கேட்டு நன்னிலத்திலிருந்து சம்பந்தியம்மா வந்து சேர்ந்தாள். வந்ததும் கமருன்னிஸாவைத்தான் மேலும் கீழும் பார்த்தாள். "கண்டவங்க ஆக்கிக் குடுத்ததெல்லாம் திங்க விடுவாங்களா? அந்தம்மா என்னத்தக் கலந்துச்சோ!"

"என் கையாலதாங்க போட்டேன்" என்று கமருன்னிஸா சுவரோரம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

சும்மா நின்றால் போதும், பழி அவளோடு போய்விடும். வைரக்கண்ணுவுக்கு அந்த நினைப்பு வந்தது, மறைப்பானேன். வந்த நினைப்பு அவருக்கே சகிக்கவில்லை.

"அவங்க ஒண்ணும் கலக்கலீங்க. கலந்தது நான். குனிஞ்சு புல்லு செதுக்க உடம்பு வளையாம கொல்லை பூரா விஷத்த அடிச்சுட்டு, ஒருத்தர்கிட்டயும் சொல்லாமப் போனேன்" என்றார்.

தர்மாம்பாள் அவரைத் திட்டவில்லை. பையிலிருந்த வளையல் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சாத்திய கதவைப் பார்த்தபடி இருந்தாள். பெண்டாட்டி திட்டமாட்டாளா என்று அவர் ஏங்கியது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்தார். "பிள்ளைக்கு இதயத்துடிப்பு இருக்கு. ஆனா ரெண்டு நாள் போகாம நான் எதையும் உறுதியாச் சொல்ல மாட்டேன்."

அப்போது வெளியே மழை பிடித்துக்கொண்டது. கமருன்னிஸா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "அண்ணே, உங்க கொல்லைத் தண்ணி தெருக் குளத்துக்குல்ல போவும்?"

வைரக்கண்ணு குளத்தங்கரை ரெங்கசாமிக்குப் போன் போட்டார்.

"ரெங்கசாமி, குளத்துல ஆளு மாடு எதையும் எறங்க விடாதப்பா. தெரு பூரா சொல்லிடு. என் கொல்லையில மருந்தடிச்சிருக்கேன். என் பேரச் சொல்லியே சொல்லு, பரவால்ல. நம்ம எடம்தானேன்னு ஊத்துனேன்ப்பா. வேலி நமக்குத்தான் இருக்கு, விஷத்துக்கு இல்ல. ஊத்துனவன் வீட்டுச் சோத்துலதான் அது மொதல்ல வந்து விழுது."