விழாத சுவிட்ச்

ஃப்ரீசர் பெட்டியின் ப்ளக்கைச் சுயம்பு மறுபடியும் செருகினான். மறுபடியும் ‘டக்’கென்று ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. மின்விசிறி நின்றது. பெட்டிக்குள் கிடந்த வேல்ராஜின் முகத்துக்கு நேரே கண்ணாடி வேர்த்திருந்தது.

“சனியன் பிடிச்ச சுவிட்ச்” என்றான் சுயம்பு. செத்தவரின் தம்பி. கல்யாண் நகரத்திலிருந்து வந்திருந்தான். “மைனி, கருப்பு டேப்பு இருந்தா எடுங்க. டைரக்ட் குடுத்துருவோம். மக மகேஸ்வரி ஊருலேருந்து வந்து சேர நாளைக்கு ஆயிரும். அது வரைக்கும் ஓடட்டும்.”

தலைமாட்டில் இருந்த மனைவி மாரீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். நேற்றிலிருந்து அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வந்ததெல்லாம் கோபம்தான்.

மழை பிடித்துவிட்டால் தாராவியில் சுவரெல்லாம் ஊறிப்போகும். ஊறிய சுவரில் கரண்டு கசிந்தால் ட்ரிப் விழும். விழுந்து ஆளைக் காப்பாற்றத்தான் அதை வைத்திருக்கிறார்கள். வேல்ராஜுக்கு மட்டும் அது மானப் பிரச்சினையாகிவிட்டது. தோல் பட்டறையில் மிஷின் ஓட்டிய மனிதர், தன் வீட்டில் ஒரு ஆணி அடிக்க வெளியாளைக் கூப்பிடுவதையே கேவலமாக நினைப்பார். வயர்மேன் நசீரைக் கூப்பிட்டுக் கசிவு எங்கே என்று பார்க்கச் சொன்னாள் இவள். “அவனுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதாக்கும்” என்று ட்ரிப்பிலிருந்த வயர்களைக் கழற்றி, ஒன்றோடொன்று முறுக்கி, டேப்பைச் சுற்றிவிட்டார். அதற்குப் பெயர் டைரக்ட். அதன்பிறகு சுவிட்ச் விழவேயில்லை. அந்தப் பெருமையை டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருந்தார்.

மகள் கைக்குழந்தையோடு வரப்போகிறாள் என்று, குளிக்கிற மோரிக்குப் புது டைல்ஸ் ஒட்டியதும் அவரேதான். நேற்றுக் காலையில் சோப்பு வைக்கிற தட்டை மாட்ட, ஈரத்தில் வெறுங்காலோடு நின்று சுவரில் டிரில் போட்டார். சுவருக்குள் வயரைப் புதைத்தவரும் அவர்தான், எங்கே புதைத்தோம் என்பதை மறந்தவரும் அவர்தான். ட்ரிப் இருந்திருந்தால் ஒரு உதறலோடு தப்பித்திருப்பார் என்று நசீர் சொன்னான். மோரிப் பக்கத்து லைனைத் துண்டித்துவிட்டு, ட்ரிப்பைப் பழையபடி பொருத்தியதும் அவன்தான். “மத்த சுவரும் ஈரம்தான் பாபி. திரும்ப விழும். விழுந்தா விழட்டும், டைரக்ட் மட்டும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். என்ன கைவேலை, என்ன மூளை, எல்லாத்தையும் தானே செஞ்சுக்கிட்ட மனுஷன். கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுயம்பு டேப்பைத் தானே தேடி எடுத்துவிட்டான்.

“அதக் கீழ போடுங்க தம்பி.”

“மைனி, பெட்டி ஓடலன்னா மொகம் கறுத்துப் போவும். பெத்த புள்ள வந்து பாக்க வேண்டாமா?”

அதுதான் அவளைக் குத்தியது. அப்பா முகத்தை நல்லபடியாகப் பார்க்கத்தான் மகள் அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறாள்.

“கறுத்த மொகத்தப் பாக்கட்டும். எதுல செத்தாவளோ அதையே அவுக தலமாட்டுல சுத்துவீயளா?”

சுயம்பு டேப்பைக் கீழே போட்டான். வாசலில் நின்ற எதிர்வீட்டு ராபியாதான் பேசினாள்.

“எங்க வீட்டுலேருந்து வயர் இழுத்துக்கோங்கக்கா. எங்க வீட்ல ட்ரிப்பு விழவே விழாது. போன மழையில அண்ணன்தான் வந்து டைரக்ட் பண்ணிக் குடுத்தாவ. காசுகூட வாங்கல, பாவம்.”

சந்துக்கு அந்தப்புறம், கை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரத்தில், ராபியாவின் மகள் ஜுவைரியா குளித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது.

மாரீஸ்வரி பெட்டிக் கண்ணாடியில் உள்ளங்கையால் அறைந்தாள். “இன்னும் எத்தன வீட்ல பண்ணி வச்சிருக்கீங்க? சொல்லிட்டுப் போங்க. எத்தன வீட்ல?”

“அழுதுரு தாயி, நல்லா அழுதுரு” என்று பக்கத்திலிருந்த பெண்கள் அவளைக் கட்டிப் பிடித்தார்கள். அவள் அவர்களை உதறிவிட்டு எழுந்தாள். சாவு வீட்டுப் பொம்பளை படி தாண்டக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். அவள் சந்துக்கு அந்தப்புறம் போய், ராபியாவின் வீட்டுக்குள் நுழைந்து, கதவுக்குப் பின்னாலிருந்த மெயினைக் கீழே இழுத்தாள். வீடு இருண்டது.

“அம்மா, லைட்டு போச்சு” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “கண்ணுல சோப்பு.”

“நசீர வரச் சொல்லுங்க. தம்பி, நீங்க போயி மீன் மார்க்கெட்டுல ஐஸ் பாளம் வாங்கிட்டு வாங்க.” மாரீஸ்வரி மெயினுக்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டாள். யார் கூப்பிட்டும் நகரவில்லை. ராபியாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

நசீர் வந்து டேப்பை அறுத்தான். முறுக்கியிருந்த வயர்களைப் பிரித்து ட்ரிப்பில் பொருத்தினான். மெயினை மேலே தள்ளினான். விளக்கு எரிந்தது. மறு நொடியே ‘டக்’கென்று ட்ரிப் விழுந்தது.

“எங்க கசியுது?” என்றாள் மாரீஸ்வரி.

நசீர் டார்ச்சை அடித்து மோரிச் சுவரைக் காட்டினான்.

ராபியா அந்தச் சுவரைப் பார்த்தாள். தலையில் நுரையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு நின்ற மகளைப் பார்த்தாள். பிறகு அவளை இழுத்துத் தன்னோடு வைத்துத் தலையைத் துவட்டத் தொடங்கினாள். “வலிக்குதும்மா” என்றாள் ஜுவைரியா. ராபியா விடவில்லை.

மாரீஸ்வரி திரும்பி வந்தபோது வேல்ராஜைப் பெட்டியிலிருந்து எடுத்து ஐஸ் பாளங்களின் மேல் கிடத்தியிருந்தார்கள். அதற்குள் உருகிய தண்ணீர் தரையெல்லாம் ஓடி, அவர் ஒட்டிய புது டைல்ஸ் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் சேலையைச் செருகிக்கொண்டு, ஒரு பழைய துணியை எடுத்து, அவர் காலடியிலிருந்து துடைக்க ஆரம்பித்தாள்.