மங்க மறுத்த விளக்குகள்

விளக்கு என்று பிறந்துவிட்டால் எரிய எரிய மங்கத்தான் வேண்டும். எவ்வளவு மங்குகிறது என்று சொல்வதுதான் அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அந்த விளக்கு ஆய்வுக்கூடத்தில் வெளிச்சத்தை அளந்துகொண்டிருந்தாள். ஆளுயரத்தைத் தாண்டிய ஓர் உருண்டை, உள்ளே முழுக்க வெள்ளைப் பூச்சு. விளக்கை நடுவில் மாட்டிக் கதவைச் சாத்தினால், நாலாபக்கமும் சிதறும் வெளிச்சம் மொத்தமும் ஒரே எண்ணாகத் திரையில் வந்து நிற்கும். அந்த எண்ணுக்குக் கீழே அவள் கையெழுத்துப் போட்டால்தான் விளக்கு வெளியே போகும். கூடத்தில் அவளுக்குத் ‘தராசு’ என்று பெயர். முகத்துக்கு நேரே எல்லாரும் மேடம்தான். தராசு லேசில் எதையும் நம்பாது. மணி என்ன என்று கேட்டால்கூட இரண்டு கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் வரும்.

அதே கூடத்தில் அவள் கொழுந்தனும் வேலை பார்த்தான். வீடும் ஒன்றுதான், கீழே அவளும் கணவனும், மாடியில் கொழுந்தனும் அவன் மனைவியும். அவளுக்குப் பிள்ளை இல்லை. கொழுந்தனின் நாலு வயது மகள்தான் அவள் உலகம். காலையில் கண் விழித்ததும் “பெரீம்மா” என்று தடதடவென்று படி இறங்கி வந்து மடியில் விழுவாள். பல் துலக்குவதும் தலை வாருவதும் பெரியம்மாதான். பெற்றவள் கிட்டே போனால் உதை விழும்.

கொழுந்தன் ஒரு புது விளக்கைச் செய்திருந்தான். நீல ஒளியை வெள்ளையாக்கும் மஞ்சள் தூளை எல்லாரும் சிலிக்கோனில் குழைத்துப் பூசுவார்கள். இவன் கண்ணாடியில் உருக்கிச் சேர்த்தான். மலையைக் குடைந்து போட்ட சுரங்கப் பாதைக்கான விளக்கு அது. ஒன்று மங்கினால் மாற்றுவதற்குப் பாதையையே மூட வேண்டும் என்பதால், மங்காத விளக்கு கேட்டிருந்தார்கள். இருபது விளக்குகளை வெப்ப அறையில் இரவும் பகலும் எரியவிட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை உருண்டைக்குள் வைத்து அளந்தாள்.

முதல் பதினைந்து நாளில் விளக்குகள் மங்கவில்லை. வெளிச்சம் ஒரு பொட்டு கூடியிருந்தது.

“என்ன இது?” என்றாள்.

“புதுசுல கொஞ்சம் ஏறும் அண்ணி, அப்புறம்தான் இறங்கும். உங்களுக்குத் தெரியாததா?” என்று சிரித்தான் கொழுந்தன்.

தெரியும். அவன் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. காரணம் பழசு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவன் மதிப்பெண் அட்டையில் மூன்றை எட்டாக்கி அப்பாவிடம் காட்டியவன். அவள் கணவன் இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வயிறு குலுங்கச் சிரிப்பான். எல்லாரும் கூடச் சிரிப்பார்கள். அவள் மட்டும் சிரித்ததில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள்.

போதாததற்கு, அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெப்ப அறையிலிருந்து வெளியே வந்ததைக் காவலாளி சொல்லக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை? எரிந்து களைத்த விளக்கை எடுத்துவிட்டுப் புதுசை மாட்டுகிறானோ? மறுநாளே இருபது விளக்குகளின் அடியிலும் நகப்பூச்சால் எளிதில் கண்ணில் படாத புள்ளி வைத்தாள். பதினைந்து நாள் கழித்துப் பார்த்தால் இருபது புள்ளியும் அப்படியே இருந்தன. வேறு ஆளாக இருந்தால் நிம்மதியாகியிருப்பார்கள். அவளோ, விளக்கை மாற்றவில்லை என்றால் உருண்டையில்தான் கைவைக்கிறான் என்று முடிவு கட்டினாள்.

உருண்டை சரியாக அளக்கிறதா என்று பார்க்க ஒரு படி விளக்கு உண்டு. மளிகைக் கடைக்கு எடைக்கல் எப்படியோ அப்படி. அதன் வெளிச்சம் இவ்வளவு என்று சான்றிதழே இருக்கும். அதை உள்ளே ஏற்றி, சான்றிதழில் உள்ள எண் திரையில் வரும்படி உருண்டையைத் திருத்திக்கொள்ள வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை செய்து, படி விளக்கு எரிந்த நேரத்தைப் பேரேட்டில் எழுதினால் போதும். அவள் தினமும் செய்ய ஆரம்பித்தாள். காலையில் வந்ததும் ஒருமுறை, மாலையில் கிளம்பும்போது ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் சூடேற இருபது நிமிடம், அளக்க இருபது நிமிடம்.

சந்தேகம் வீண் போகவில்லை. காலையில் திருத்தி வைத்த உருண்டை மாலையில் ஒரு முடியளவு விலகியிருந்தது. மாலையில் திருத்தினால் காலையில் இன்னொரு முடியளவு. யாரோ தொடுகிறார்கள்! யாரோ என்ன, அவன்தான்! கைப்பைக்குள் ஒரு சின்ன நோட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். தேதி, நேரம், விலகல், கூடவே கொழுந்தனின் நடமாட்டம் எல்லாவற்றையும் அதில் எழுதினாள். ‘ஏழு மணி வரை இருந்தான்.’ ‘விசில் அடித்துக்கொண்டு போனான்.’ ‘என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றினான்.’ அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவள் கண்ணுக்கு விசில்கூடப் பேயாகிவிட்டது.

விளக்குகளோ மங்க மாட்டேன் என்று அடம் பிடித்தன. இரண்டாயிரம் மணி நேரம் ஆயிற்று, இறங்கவில்லை. இரண்டாயிரத்து எண்ணூறு ஆயிற்று, முதல் நாள் எண்ணைவிட ஒரு பொட்டு மேலேதான். இயக்குநர் கொழுந்தனின் தோளில் கை போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்தார். பக்கத்து அறைக்காரர்கள் வந்து கை குலுக்கினார்கள். அவளிடமும் ஒருவர் வந்து, “குடும்பமே கெட்டி போல!” என்றார். அவளுக்கு வயிறு எரிந்தது. அது பொறாமை இல்லை. பொய்யான ஒரு எண்ணுக்குக் கீழே தன் பெயர் போகப் போகிறதே என்ற எரிச்சல்.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் கணவனிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

“நீ சொல்றது நிஜம்னா அவன் வேலை போயிடும். பொய்னா இந்த வீடு போயிடும். ரெண்டுல எதுன்னு யோசிச்சியா?”

“என் கையெழுத்து போகப் போகுது. அதை நீங்க யோசிச்சீங்களா?”

“அவன்கிட்ட நேரா கேட்டுடேன்.”

“கேட்டா உஷாராயிடுவான்.”

மாடியிலிருந்து குழந்தையின் சிரிப்பு கேட்டது. அவள் அண்ணாந்து பார்த்தாள். பிறகு எழுந்து பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை சுரங்கப் பாதைக்காரர்களுக்கு அறிக்கை போக வேண்டும். புதன்கிழமை காலையில் அவள் இயக்குநருக்கு ஒன்றரைப் பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். அளவுகளில் யாரோ கைவைக்கிறார்கள் என்றும், திட்டத் தலைவர்மேல் சந்தேகம் என்றும், உறவு பார்க்காமல் விசாரிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். இயக்குநர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“உங்க கொழுந்தனாச்சே?”

“அதனாலதான் சார் இவ்வளவு நாள் பொறுத்தேன்.”

பத்து நிமிடத்தில் மூவரும் உருண்டை அறையில் நின்றார்கள். கொழுந்தன் கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்தான். படித்து முடித்ததும் அவளைத்தான் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். வழி தெரியாத ஊரில் இறங்கியவன்போல விழித்தான்.

“அண்ணி, நான் எதையும் தொடல. ஞாயித்துக்கிழமை வந்தது சும்மா பாக்கறதுக்கு. இருபதும் ஒண்ணா எரியறதைப் பாத்தா நல்லா இருக்கும், அதான்.”

“பாக்கறதுக்கா?” என்றாள் அவள்.

இயக்குநர் பழைய ஆள். வழக்கை எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரியும். அலமாரியிலிருந்து தாய் விளக்கை எடுக்கச் சொன்னார். படி விளக்கையே சோதிக்கிற விளக்கு அது. முத்திரை வைத்த பெட்டிக்குள் இருக்கும், வருடத்துக்கு ஒரு தடவைதான் வெளிச்சம் பார்க்கும். முத்திரை உடையவில்லை. அதை ஏற்றி உருண்டையைத் திருத்தினார்கள். அப்புறம் படி விளக்கை ஏற்றினார்கள். நாற்பது நிமிடம் மூவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

படி விளக்கு நூற்றுக்கு நாலு பங்கு மங்கிப்போயிருந்தது.

இயக்குநர் ஒரு பெருமூச்சு விட்டார். “அளக்கற கோல் குறுகிப்போனா துணி நீளமாத் தெரியத்தானே செய்யும். அதான் இவர் விளக்கு மங்காத மாதிரி தெரிஞ்சுது. பேரேட்டுல இந்த விளக்கு எத்தனை மணி எரிஞ்சதா இருக்கு?”

“மூணு மணிக்கும் குறைவு,” என்றாள் அவள்.

“மூணு மணியில நாலு பங்கு போகாது. யாரோ நூறு மணிக்கு மேல திருட்டுத்தனமா எரிச்சிருக்காங்க.” கொழுந்தன் பக்கம் திரும்பினார். “படி விளக்கு இருக்கற அலமாரியோட மாற்றுச் சாவியைக் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கீங்க.”

“கையுறை எடுக்க வாங்கினேன் சார். அன்னைக்கே திருப்பிக் கொடுத்துட்டேன்.”

“கொடுக்கறதுக்கு முன்னால இன்னொரு சாவி செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?” என்றார் இயக்குநர். அவர் குரலில் முன்பிருந்த மரியாதை இல்லை. “மேடம், தேதியெல்லாம் குறிச்சு வச்சிருக்கேன்னு எழுதியிருக்கீங்களே. சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

அவள் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள். முதல் பக்கத்தைப் பிரித்தாள். காலை எட்டரை, நாற்பது நிமிடம். மாலை ஐந்து, நாற்பது நிமிடம். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், எல்லாம் அதே. விரல் தானாக நின்றது. சோதிப்பதற்காக ஏற்றியதை அவள் பேரேட்டில் ஏற்றவே இல்லை. மாதாந்திரத் திருத்தத்தைத்தான் எழுதினாள். இது அளவு வேலை இல்லை, காவல் வேலை. காவலுக்கு யார் கணக்கு எழுதுவார்கள்? மனசு தானாகப் பெருக்கியது. தொண்ணூறு நாள். நாளுக்கு எண்பது நிமிடம். நூற்று இருபது மணி நேரம். உருண்டையை யாரும் தொடவில்லை. அவள் காவல் காத்த ஒவ்வொரு முறையும் படி விளக்கு ஒரு முடியளவு மங்கியிருக்கிறது. அவள் ஒவ்வொரு முறையும் அந்த மங்கலுக்கு ஏற்ப உருண்டையைத் திருத்தியிருக்கிறாள். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

நோட்டு அவள் கையில்தான் இருந்தது. கூட்டிப் பார்க்க வேறு யாருக்கும் தோன்றாது. தேதிகளை மட்டும் வாசித்துவிட்டு மூடினால் போதும்; பத்தொன்பது வருடப் பெயருக்கு ஒரு கீறல் விழாது. அந்த நினைப்பு வந்தது என்பதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

“எரிச்சது நான்தான் சார்,” என்றாள். “தினம் ரெண்டு தடவை. இவர்மேல சந்தேகப்பட்டு சோதிச்சேன். சோதிச்சே கெடுத்துட்டேன். இவர் எதுவும் செய்யல.”

இயக்குநர் நோட்டை வாங்கிப் புரட்டினார், கால்குலேட்டரைத் தட்டினார், தலையை ஆட்டினார். அப்புறம் தாய் விளக்கை வைத்துத் திருத்திய உருண்டையில் கொழுந்தனின் விளக்கு ஒன்றை ஏற்றிப் பார்த்தார்கள். இன்னொன்றையும் பார்த்தார்கள். நூற்றுக்கு மூன்று பங்கு மங்கியிருந்தன. நல்ல விளக்குதான், கெட்டதில்லை. ஆனால் சந்தையில் ஏற்கெனவே இருக்கிற நல்ல விளக்குகளைப் போலத்தான். நாலு மாதமாகக் கை குலுக்கிய அத்தனை பேரும் அந்த ஒரு எண்ணில் காணாமல் போனார்கள்.

கொழுந்தன் அந்த எண்ணைப் பார்த்துத் தலையசைத்தான். விளக்கு தோற்றதை அவன் தாங்கிக்கொண்டான். அந்தத் தொழிலில் தோல்வி சோறு தண்ணி மாதிரி. மேஜையில் கிடந்த நோட்டை எடுத்தான். பக்கம் பக்கமாகப் படித்தான். விசில் அடித்ததைப் படித்தான். பேச்சை மாற்றியதைப் படித்தான். ஒரு பக்கத்தில் அதிக நேரம் நின்றான். அது எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும். ‘பாப்பாவை அனுப்பி நான் எப்போது தூங்கப் போகிறேன் என்று வேவு பார்க்கிறான்.’

“மறுபடி முதல்லேர்ந்து ஓட்டணும்,” என்றார் இயக்குநர். “புது படி விளக்கு வரவழைக்கலாம். அளக்க வேற ஆளைப் போடட்டுமா?”

“வேண்டாம் சார். அவங்களே அளக்கட்டும்,” என்றான் கொழுந்தன். “தன் தப்பைத் தானே சொல்ற ஆள் அளந்தா எனக்கு நம்பிக்கை இருக்கு.”

அவளுக்கு மூச்சு வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அவன் நோட்டை மூடி அவள் பக்கம் நகர்த்தினான். “ஆனா ஒரே வீட்ல இருக்க முடியாது அண்ணி. இந்த மாசக் கடைசியில நாங்க வேற வீடு பாத்துக்கறோம்.”

“மன்னிச்சிடுப்பா,” என்றாள். அவன் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டான்.

“பாப்பா கேட்பாளே?” என்றாள் அவள்.

“அவளுக்கு நாங்க ஏதாவது சொல்லிக்கறோம்,” என்று சொல்லிவிட்டு, கொழுந்தன் தன் விளக்குகளைக் கழற்றப் போனான்.