லோகஸ்ட் தெருவின் உலர்ந்த கூரை

நவம்பர் பதினெட்டாம் தேதி காலை ஆஷர்டன் நகரம் முழுவதும் ஒன்பது அங்குலப் பனி கிடந்தது. லோகஸ்ட் தெருவில் ஹலினா வோய்ச்சிக்கின் வீட்டுக் கூரையில் மட்டும் ஒரு துளியும் இல்லை. எட்டு அங்குலம் என்று சொல்பவர்களும் உண்டு. நான் அளவுகோலை மூன்று இடங்களில் குத்திப் பார்த்தேன், கோணலாகக் குத்தியிருக்கவும் கூடும். ஆனால் கூரையைப் பற்றி ஊரில் இரண்டு கருத்து இல்லை. இறங்கிவந்த பனி கூரைக்கு ஒரு முழம் மேலே வந்ததும் இரண்டாகப் பிரிந்து அக்கம்பக்கத்து வீடுகளின் மேல் விழுந்தது. தபால்காரர் சிறிது நேரம் நின்று அதைப் பார்த்துவிட்டு, மின்சார ரசீதைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்.

ஹலினாவுக்கு எழுபத்தொரு வயது. சட்டைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீழ்த்தளத்தில் தனியாக இருந்தார். மாடியை ஆறு வருடங்களாகச் சுவர் பூசும் ஃபிடெல் ட்லபான்கோவுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஃபிடெல், அவன் மனைவி யூசெபியா, எட்டு வயது மகள் இட்சல் மூவரும் மெக்சிகோவின் புவெப்லாவிலிருந்து வந்தவர்கள். இந்த நாட்டில் இருப்பதற்கான காகிதம் மூவரிடமும் இல்லை. இது தெருவில் எல்லோருக்கும் தெரியும், நகரசபையில் ஒருவருக்கும் தெரியாது. அந்தச் செப்டம்பரில்தான் நகரசபை, காகிதம் இல்லாதவர்களுக்கு வீடு விடுபவரின் உரிமம் ரத்தாகும் என்று சட்டம் போட்டிருந்தது. எழுதியவர் உறுப்பினர் ஜெரால்ட் ஸ்ட்ரோல். ஆய்வாளர் ரே கீஹோ வீடு வீடாகப் போய்க் குளியலறையில் பல்துலக்கிகளை எண்ணினார். அதனால் குடித்தனக்காரர்கள் பல்துலக்கியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். பனி பெய்த அன்று ரேவுக்கு அந்தத் தொல்லை இல்லை: காகிதம் இல்லாதவர்கள் இருந்த கூரைகளில்தான் பனி விழவில்லை. காரை விட்டு இறங்காமலே மதியத்துக்குள் ஊரெங்கும் முப்பத்தொரு உலர்ந்த கூரைகளைக் குறித்துக்கொண்டார். இருபத்தேழாம் தேதி மறு ஆய்வு, அன்றும் கூரை அப்படியே இருந்தால் மாத முடிவுக்குள் மாடியைக் காலி செய்ய வேண்டும் என்று ஹலினாவுக்கு அறிவிப்பு வந்தது. யூசெபியாவுக்கு மருத்துவர் சொல்லியிருந்த பிரசவ நாள் டிசம்பர் பத்து.

ஹலினா அறிவிப்பை இரண்டு முறை படித்துவிட்டு மாடிக்கு ஏறினார்.

"ஏம்பா ஃபிடெல், பனி இல்லங்கறதுதானே அவனுங்களுக்குப் பிரச்சினை? நாமளே போட்டுட்டா என்ன?"

"போட்ரலாம் ஹலினாம்மா. எவ்ளோ கனம் வேணும்?"

"ஊருக்கு எவ்ளோவோ அவ்ளோ. கூடப் போட்டு என்னைப் பணக்காரியாக் காட்டிடாத."

இருபத்தாறாம் தேதி மதியம், மறுபடி பெய்திருந்த பனியை முற்றத்திலிருந்து வாளி வாளியாக ஏற்றினார்கள். ஃபிடெல் இருபது வருடம் சுவர் பூசியவன். வேலையைக் கரடுமுரடாக விட்டுவிட்டு இறங்க அவனால் முடியாது. நூல் கட்டினான், ரசமட்டம் வைத்தான், கரணையால் இழைத்தான், ஓரங்களைக் கத்தி போல் நிறுத்தினான். யூசெபியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"போதும், இறங்கு. மேகம் இவ்ளோ சுத்தமா வேலை செய்யாது."

"மேகத்துக்கு மேஸ்திரி இல்ல. அதான்."

மறுநாள் ரே வந்து தெருவில் நின்று வெகுநேரம் மேலே பார்த்தார்.

"மிஸஸ் வோய்ச்சிக், இந்தப் பனி எங்கேருந்து வந்துச்சு?"

"மேலேருந்துதான். உன் வீட்டுக்கு எங்கேருந்து வருது?"

"மூலைமட்டம் வச்ச மாதிரி இருக்கே."

"என் வீட்ல எல்லாம் ஒழுங்கா இருக்கும், ரே. உன் வீட்டு லட்சணத்தை வச்சுப் பாக்காத."

ரே நேர்மையானவர். 'பனி உண்டு, ஆனால் பூசப்பட்டது' என்று எழுதிக்கொடுத்தார். இருபத்தொன்பதாம் தேதி மாலை நகரசபையில் விசாரணை வைத்தார்கள். யூசெபியா பிறக்காத குழந்தையின் துணிகளை மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கி, பெட்டியின் மேல் எந்த முகவரியை எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்தாள்.

அன்று மதியம் மீண்டும் பனி பெய்தது. சாப்பிட வீட்டுக்கு வந்த ஸ்ட்ரோல், தன் கூரையின் பின்பக்கத்தில் ஒரு கட்டில் அளவுக்கு உலர்ந்த இடம் இருப்பதைப் பார்த்தார். அதற்கு நேர் கீழே அவருடைய தாய் லுட்மிலாவின் அறை. லுட்மிலாவுக்கு எண்பத்தாறு வயது. நான்கு வயதில், இறந்துபோன வேறொரு குழந்தையின் பெயரில் கப்பலில் வந்தவர்; பிறகு யாரும் அதைத் திருத்தவில்லை. மகன் கேட்டபோது அவர் வால்நட் உடைத்துக்கொண்டிருந்தார்.

"நீ இத்தனை வருஷம் கேக்கவே இல்லையேடா ஜெரி. நாலு தடவை உனக்கு ஓட்டுப் போட்டேன், அப்பவும் கேக்கல."

ஸ்ட்ரோல் ஊரில் விசாரித்து ஃபிடெலைத் தொலைபேசியில் பிடித்தார்.

"பின்பக்கம் கொஞ்சம்தான். ஆனா இயற்கையா, மேடு பள்ளமா வரணும்."

"மேடு பள்ளம் எனக்கு வராதுங்க. வேற ஆளைப் பாருங்க."

"சரி சரி, வழவழன்னே இருக்கட்டும். அஞ்சு மணிக்குள்ள முடி."

ஃபிடெல் நாலே முக்காலுக்கு முடித்தான். ஏழு மணிக்கு நகரசபை கூடியது. உலர்ந்த கூரையும் வழவழப்பான பனியும் இயற்கையில் நிகழக்கூடியவையே, கூரை ஒரு சாட்சியம் ஆகாது என்று ஸ்ட்ரோல் திருத்தம் கொண்டுவந்தார். எதிர்ப்பு இல்லை. என் கணக்கில் கையுயர்த்தியவர்கள் ஏழு பேர். ஒருவர் தலை சொறிந்திருக்கலாம். முப்பத்தொரு அறிவிப்புகளும் திரும்பப் பெறப்பட்டன. ரே பழையபடி பல்துலக்கிகளை எண்ணப் போனார். அடுத்த வார உள்ளூர்ப் பத்திரிகையில் 'மாடி, இரண்டு அறை, பனி வாரும் வேலை இல்லை' என்று நான்கு விளம்பரங்கள் வந்தன. முன்பு காகிதம் உண்டா என்று கேட்ட வீட்டுக்காரர்கள், இப்போது காகிதம் இல்லைதானே என்று குரலைத் தாழ்த்தி உறுதிசெய்துகொண்டார்கள்.

யூசெபியாவுக்கு டிசம்பர் பதினொன்றாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. பிறப்புச் சான்றிதழோடு பதினான்காம் தேதி மாடிக்குத் திரும்பினார்கள். மறுநாள் காலை ஹலினாவின் உலர்ந்த கூரை நடுவே, ஒரு கை நீளமும் இரண்டு சாண் அகலமுமாகப் பனி விழுந்திருந்தது. நேர் கீழே தொட்டில். யூசெபியா தொட்டிலைக் கணப்பின் பக்கம் நகர்த்தினாள். அடுத்த பனி அங்கே விழுந்தது. காலையில் லோகஸ்ட் தெரு வழியாகப் போகிறவர்கள் ஒருமுறை அண்ணாந்து பார்த்து, குழந்தை எந்தப் பக்கம் தூங்கியது என்று தெரிந்துகொண்டு வேலைக்குப் போனார்கள்.