புளி போட்டுத் துலக்கிய எஞ்சின்

பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவிலேயே அழுக்கை ஆசை ஆசையாக வளர்த்த மனிதர் பொங்கியண்ணன் ஒருவர்தான். பம்பு மோட்டார் ஒர்க்‌ஷாப்பை மூடிச் சாவியைப் போட்ட மறுநாளே நீராவி ரயில் எஞ்சினின் மாதிரி ஒன்று செய்ய உட்கார்ந்துவிட்டார். அலமாரியில் வைக்கிற சமாச்சாரம் அல்ல அது. நீளத்தில் எருமைக்கன்று, கனத்தில் அதன் தாய். கொதிகலனில் தண்ணீர் ஊற்றித் தீ மூட்டினால் தண்டவாளத்தில் தானாக நகரும். முதன்முதலாக அது ஊதியபோது பக்கத்துத் தோப்பில் தென்னை உச்சியில் இருந்த கள்ளுக் கலயங்கள் விரிசல் விட்டன என்பார். சந்தேகப்பட்டு யாராவது முகத்தைப் பார்த்தால் இன்னும் இரண்டு கலயங்களைச் சேர்த்துக்கொள்வார்.

ஓடுவதெல்லாம் பெரிய வித்தையில்லை, நகாசில்தான் எஞ்சின் இருக்கிறது என்பது அவர் கட்சி. பித்தளைக் கம்பியை நறுக்கி, ரிவெட்டுத் தலைகளை ஒவ்வொன்றாகத் தட்டி உருட்டினார். டிரைவரின் சோத்துத் தூக்குகூடக் கட்டைவிரல் நகம் அளவில் மூடியோடு தயாரானது. அதற்கெல்லாம் மேலே, ஓடிக் களைத்த வண்டி போலத் தெரிய, அழுக்கு. புகைபோக்கிக்குச் சிரட்டைக்கரி. சக்கரங்களுக்குப் பழைய போர்வெல் பைப்பில் சுரண்டிய துரு. வால்வுக்குக் கீழே, ஆவி கக்கிக் கக்கி ஏறுகிற வெள்ளை உப்புக்கறை. அதற்காக அந்தப் பக்கத்து உப்பான போர்வெல் தண்ணீரைச் சொட்டு விட்டு, காயவைத்து, மறுபடி சொட்டு விட்டார். அந்தக் கறை படிந்து வருவதற்குள் பஞ்சாயத்தில் ஆட்சியே மாறிவிட்டது.

“ஏனுங்க, சமையக்கட்டுக் கொழா ஒழுகுதுங்க. கறை ஏறி நாறுது” என்றாள் மனைவி கமலாத்தாள் ஒரு நாள்.

பொங்கியண்ணன் துள்ளி எழுந்து ஓடினார். அவளுக்கே நம்ப முடியவில்லை. போனவர் குழாயில் ஏறியிருந்த உப்பை உளியால் பதமாகப் பெயர்த்து, காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தார்.

“அருமையான சரக்கு, புள்ள! இன்னுங் கொஞ்சம் ஒழுகட்டும்.”

அவள் குழாய்க்கு அடியில் வாளியை நகர்த்தி வைத்தாள்.

கோயமுத்தூரில் மாதிரி எஞ்சின்களுக்கென்று ஒரு கண்காட்சி. அதன் நடு ஹாலில் இடம் கிடைப்பது லேசில்லை. நிஜ எஞ்சினை அப்படியே சுருக்கியது போலிருந்தால்தான் உள்ளே விடுவார்கள். பொங்கியண்ணன் ராத்தூக்கத்திலும் கேட்டது அந்த இடத்தைத்தான். தேர்வுசெய்பவர் ஆறுமுகசாமி, ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர். அனுப்பிய எஞ்சின் படத்தைப் பார்த்துவிட்டு, “கறை நெசமா, பெயிண்டா? விஜயதசமிக்கு நேர்ல வர்றனுங்க” என்று போனில் சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜையன்று, கடைசி நகாசாக முன்விளக்குக்குக் கண்ணாடி வில்லை வாங்கப் பாலக்காடு போனார் பொங்கியண்ணன். கூட்டமான பஸ்ஸில் அதைச் சட்டைப்பையில் பொத்திப் பிடித்தபடியே திரும்பிவந்தார்.

வாசலில் நுழைந்தவருக்குக் கண் கூசியது. அம்மிக்கல், அரிவாள், மண்வெட்டி, ஸ்கூட்டர், எல்லாம் கழுவிச் சந்தனப் பொட்டோடு வரிசையாக நின்றன. நடுவில் எஞ்சின். புளி போட்டுத் தேய்த்த பித்தளை கல்யாண வீட்டுக் குத்துவிளக்காக ஜொலித்தது. கரி இல்லை, துரு இல்லை, உப்பு இல்லை. ரிவெட்டுக்கு ஒரு குங்குமம். புகைபோக்கியில் சாமந்தி மாலை.

“கமலா!” என்று அவர் போட்ட சத்தத்தில் கொல்லங்கோடு மலையே ஒருதரம் திரும்பிப் பார்த்திருக்கும். “என்ன காரியம் பண்ணிப் போட்ட? அது அழுக்கில்ல, புள்ள! அது வேலை!”

“தெரியுமுங்க.”

“தெரியுமா?”

“சொட்டுச் சொட்டா நீங்க ஏத்துனதைப் பாத்துட்டுத்தானுங்க இருந்தேன். தெரிஞ்சேதான் தேச்சேன்.” அவள் கையில் தேங்காய் நார் இன்னும் இருந்தது. “இந்த ஊட்டுக் கரியை இத்தன வருசமாத் தொடைக்கறேன். ஒரு நாளு ‘ஏம்புள்ள, கை எரியுதா’ன்னு கேட்டிருப்பீங்களா? ஊட்டு அழுக்கு எனக்கு, காட்சி அழுக்கு உங்களுக்கா?”

பொங்கியண்ணன் சட்டைப்பையிலிருந்து வில்லையை எடுத்தார். குங்குமத்தில் கை படாமல் அதை முன்விளக்கில் பொருத்தினார்.

மறுநாள் வந்த ஆறுமுகசாமி எஞ்சினை ஒரு சுற்று சுற்றினார். குனிந்து வால்வுக்கு அடியில் விரலால் தடவி மோந்து பார்த்தார்.

“புளி வாசம் வருதுங்களே?”

“நேத்துக் காலைல வந்து பாத்திருந்தீங்கன்னா...”

“நேத்து நான் வரலீங்களே.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வேலை நல்ல வேலைதானுங்க. ஆனா ஓடுன வண்டி மாதிரி இல்ல. கொழந்தைங்க பகுதில வெச்சுக்கலாங்களா? ஏறி உக்கார எடம் இருக்குது.”

வேண்டாம் என்று பொங்கியண்ணன் சொல்வதற்குள், கமலாத்தாள் காப்பித் தம்ளரை நீட்டிக்கொண்டே, “வெச்சுக்குங்க சாமி” என்று சொல்லிவிட்டாள்.

கண்காட்சியில் அரைக் கோயமுத்தூர் அந்த எஞ்சினைத்தான் மொய்த்தது. குழந்தைகள் ஏறின, இறங்கின, ஐஸ்கிரீம் கையோடு கொதிகலனைக் கட்டிப்பிடித்தன. அரக்குப் பட்டு உடுத்தி, கையில் துணியோடு கமலாத்தாள் அதன் பக்கத்தில் நின்றாள். என்னமாய் மின்னுகிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம், “நாந்தானுங்க தேச்சேன்” என்றாள். செய்தது யார் என்று கேட்டவர்களிடம் வெளியே கைகாட்டினாள்.

வெளியே டீக்கடை பெஞ்சில் பொங்கியண்ணன் உட்கார்ந்திருந்தார். உள்ளே குழந்தைகள் எஞ்சின் போல ‘கூ’ என்று ஊதுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் டீக்காரரிடம் இன்னொரு டீ சொன்னார். ஒன்றைக்கூடக் குடிக்கவில்லை.