குகதாசன் மாஸ்ரரின் கோபம், மூன்று தரம்

அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்தில், உரக்கடைக்கு மேல்மாடியில் 'குளோபல் இங்கிலிஷ் அக்கடமி' நடக்கிறது. ஒரு அறை, கொஞ்சம் கதிரைகள், சுற்றும்போது முனகுகிற ஒரு காற்றாடி. இவ்வளவும்தான் குளோபல். வாசல் பலகையில் குகதாசன் மாஸ்ரர் கழுத்துப்பட்டியோடு நிற்கிறார். அவருக்குப் பின்னால் லண்டன் மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. மாஸ்ரர் லண்டனுக்குப் போனதில்லை. கோபுரம் அச்சுவேலிக்கு வந்ததில்லை. பலகை அடித்தவன் இருவரையும் சேர்த்து வைத்துவிட்டான்.

மாஸ்ரருக்கென்று ஒரு முறை இருந்தது. சனிக்கிழமை ஒரு சொல் கொடுப்பார். அந்தச் சொல்லை வைத்து, தன் வீட்டில் உண்மையாகவே நடந்த ஒன்றை ஒவ்வொருவரும் ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கிடக் கூடாது. பொய் என்றால் திருத்தமில்லை, கதிரையில் இருந்துவிட வேண்டும். பிறகு மாஸ்ரர் திருத்துவார். திருத்திய வசனத்தை அவர் உரத்துச் சொல்ல, முழு வகுப்பும் மூன்று தரம் திருப்பிச் சொல்லும்.

"பொய் வசனம் நாக்கிலை நிக்காது" என்பார் மாஸ்ரர். இது தன்னுடைய கண்டுபிடிப்பு என்றும் சொல்லுவார்.

அவர் வீட்டிலோ மகள் கோபிகாவின் கலியாணக் கார்ட் வந்து ஒரு கிழமையாக மேசையில் கிடந்தது. முதல் கார்ட் பிள்ளையாருக்குப் போய்விட்டது. அடுத்தது தாய்மாமனுக்கு. அதைத் தபாலிலோ போனிலோ அனுப்ப முடியாது. புருசனும் பெண்சாதியும் சோடியாக வெற்றிலைத் தட்டத்தோடு போய்ச் சொல்ல வேண்டும். அங்கே சொல்லாமல் வேறு எந்த வீட்டுக்கும் போகவும் முடியாது. அந்தத் தாய்மாமன், மாஸ்ரரின் மனைவி மகாதேவியின் அண்ணன் இராசநாயகம். அவர் வீட்டு வாசற்படலையை மாஸ்ரர் போன வருசத்திலிருந்து தாண்டுவதில்லை.

நடந்தது இவ்வளவுதான். சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவில் மாஸ்ரர் நன்றியுரை ஆற்றினார். சபையில் எல்லாரும் தமிழர். உரை மட்டும் ஆங்கிலம். அது நீண்டுகொண்டே போக, முன்வரிசையில் இருந்த இராசநாயகம் குறட்டை விட்டார். ஒலிவாங்கி அதையும் பாரபட்சமில்லாமல் ஊருக்கு அறிவித்தது.

"இஞ்சேருங்கோ, அண்ணையோடை உங்களுக்கு இன்னும் கோவமே?" மகாதேவி தேங்காய் துருவியபடி கேட்டாள்.

"கோவமோ? எனக்கோ? படிச்ச மனுசன் உந்தச் சில்லறை விசயத்துக்கெல்லாம் கோவிப்பானே? நான் ஒரு இடைவெளியை மெயின்ரெயின் பண்ணுறன். அவ்வளவுதான்."

"அப்ப நாளைக்குக் கார்ட் குடுக்கப் போவம்."

"இடைவெளியை மெயின்ரெயின் பண்ணுறன் எண்டு சொன்னனான்."

"மாமன் இல்லாமல் நான் மணவறையிலை இருக்கமாட்டன்" என்று உள்ளேயிருந்து கோபிகா சத்தம் போட்டாள். மாஸ்ரர் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

அந்தச் சனிக்கிழமை மகாதேவி நல்ல சேலையுடுத்து மேல்மாடிக்கு ஏறி வந்து பின்வரிசைக் கதிரையில் இருந்தாள்.

"நீ என்ன இஞ்சை?"

"சம்பந்தி வீட்டார் கனடாவிலையிருந்து வருகினம். நானும் நாலு வார்த்தை கதைக்க வேணாமே?"

மாஸ்ரருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு அன்றைய சொல்லைக் கரும்பலகையில் எழுதினார்: ஃபியூரியஸ்.

"கடும் கோபம். கொதிச்சுப் போற கோபத்துக்கு மட்டுந்தான் பாவிக்க வேணும். வெள்ளைக்காரன் கோபத்தை வைச்சுக்கொண்டு திரியமாட்டான். வாயாலை சொல்லுவான். சொல்லிப்போட்டுத் தேத்தண்ணி குடிப்பான்."

மகாதேவி அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள், லண்டன் விசாவுக்குப் படிக்கும் தாரிகா முதலில் எழும்பினாள். சொதிக்குச் சீனி போட்டதால் மாமி ஃபியூரியஸ் என்றாள். வகுப்பு மூன்று தரம் மாமியைக் கொதிக்க வைத்தது. ஓட்டோக்காரன் பிரகாஸ், முன்வீட்டு நாய் தன் ஓட்டோவோடு ஃபியூரியஸ் என்றான். அதுவும் மூன்று தரம் முழங்கியது.

பிறகு மகாதேவி எழும்பினாள். இரவு முழுக்கப் பாடமாக்கியிருந்தாள்.

"மை ஹஸ்பண்ட் இஸ் ஃபியூரியஸ் வித் மை பிரதர். மை பிரதர் ஸ்லெப்ற் இன் ஹிஸ் ஸ்பீச்."

முழு வகுப்பும் மாஸ்ரரைத் திரும்பிப் பார்த்தது.

தாரிகா மெல்லக் கேட்டாள்: "சேர், இது உண்மையா நடந்ததோ? பொய்யெண்டால் அன்ரி கதிரையிலை இருக்கவேணும், என்ன?"

மாஸ்ரர் கரும்பலகையைப் பார்த்தார். பொய் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மகாதேவி கதிரையில் இருந்துவிடுவாள், இடைவெளியும் பிழைத்துவிடும். ஆனால் மனைவியின் கை சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தது. பெண் பார்க்க வந்த அன்றும் அவள் அப்படித்தான் திருகினாள்.

"உண்மைதான்" என்றார் மாஸ்ரர்.

"அப்ப சொல்லித் தாங்கோ சேர்" என்றான் பிரகாஸ் ஆவலோடு.

முறை முறைதான். மாஸ்ரர் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் கோபத்தைத் தானே எடுத்துக் கொடுத்தார். வகுப்பு வாங்கி முழங்கியது. முதல் தரம் அவருக்குக் காது சுட்டது. இரண்டாம் தரம் கீழே உரக்கடையில் யாரோ தராசை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள். மூன்றாம் தரம், தூங்கிய ஒருவனோடு ஒரு வருசமாகக் கொதித்துக்கொண்டிருக்கும் அந்தக் கணவன் யாரோ ஒரு விசரன்போலத் தெரிந்தான். மாஸ்ரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்க அவர் இருமினார். இருமல் வகுப்பில் ஒருவரையும் ஏமாற்றவில்லை.

படியிறங்கும்போது, "பின்னேரம் தட்டத்தை எடுத்து வை" என்றார்.

அவர்கள் போய்ச் சேருமுன்னே உரக்கடை செய்தியைக் கொண்டுபோயிருந்தது. எப்போதும் வெறும்மேலோடு திரியும் இராசநாயகம் சேட்டுப் போட்டுக்கொண்டு படலையில் நின்றார்.

"வாங்கோ மாஸ்ரர். நீங்கள் என்னோடை ஏதோ ஃபியூரியஸாம்."

"ஓம். இண்டைக்கு மத்தியானம் வரைக்கும்."

"அண்டைக்கு விடியப்புறமே எழும்பி வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணி இறைச்சனான், மாஸ்ரர். நீங்கள் தமிழிலை பேசியிருந்தாலும் நித்திரைதான்."

"மெய்யாவோ?"

"தமிழெண்டால் இன்னும் கெதியா நித்திரைக்குக் கொண்டுபோயிருக்கும். தாலாட்டுமாதிரி."

மாஸ்ரர் இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். தட்டத்தை இருவருமாக நீட்டினார்கள். இராசநாயகம் சேட்டின் நுனியைக் கீழே இழுத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தேத்தண்ணி வந்தது. மாஸ்ரர் வெள்ளைக்காரனைப்போல நிமிர்ந்திருந்து குடித்தார்.

"கலியாணத்திலை நன்றியுரை நான்தான்" என்றார், கோப்பையை வைத்தபடி.

"தமிழிலையோ?"

"ரெண்டு பாசையிலும்."

இராசநாயகம் தங்கையைப் பார்த்தார். அவள் தணிந்த குரலில் சொன்னாள்:

"பயப்பிடாதேங்கோ அண்ணை. அந்த நேரம் உங்களுக்குப் பந்தியிலை வேலை வைச்சிருக்கிறன்."