இடது பக்கத் தகடு

ஹெஸ்டர் தன் வீட்டு முன்னறையில் செங்கல் பாவி ஒரு வாரம் ஆகியிருந்தது. அதன்மேல் உட்கார வேண்டிய இரும்புக் கணப்படுப்பு மட்டும் இன்னும் அப்பாவின் வீட்டிலேயே நின்றது. அப்பா இறந்து, வீடும் விலைபோய்விட்டது. சாமான்களைப் பிரிக்க அவளும் அண்ணன் ஓரினும் ஒரு பேச்சு வைத்திருந்தார்கள். ஐந்நூறு டாலருக்கு மேல் பெறுமானமுள்ளது எதுவானாலும் ஏலத்துக்குப் போகும். அதற்குக் கீழே உள்ளதை ஆசைப்பட்டவர் எடுத்துக்கொள்ளலாம்.

மதிப்புப் போட வந்தவள் டோர்கஸ். வெர்மான்ட்டின் அந்தப் பள்ளத்தாக்கில் பழைய அடுப்பு என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். டார்ச்சும் கையுமாகத் தரையில் மண்டியிட்டு, அடுப்பின் வயிற்றுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள்.

“ஆயிரத்து எண்ணூத்து நாப்பத்தேழுன்னு பொறிச்சிருக்கு பாத்தீங்களா அக்கா?” என்றான் ஓரின்.

“அது காப்புரிமை வாங்கின வருஷம் தம்பி. எல்லாரும் அதைத்தான் பொறந்த நாளா நெனைச்சுக்குவாங்க. அதுக்கப்புறம் பத்து வருஷம்கூட இதே அச்சுல வாத்திருப்பான்.” அவள் விரல் முட்டியால் ஒவ்வொரு பக்கமாகத் தட்டினாள். “ஆனா புகை ஏறுற ரெண்டு தூணும் இருக்கு. உச்சியில இருக்கிற அலங்கார ஜாடியும் இதோடதுதான். பாதி வீட்டுல அதைத் தொலைச்சிருப்பாங்க. ஆயிரத்து எண்ணூறு டாலர் போடலாம்.”

ஹெஸ்டருக்குத் தன் வீட்டில் வெறுமையாகக் கிடக்கும் செங்கற்கள் கண்முன் வந்தன.

“அக்கா, இடது பக்கத் தகடு அசல் இல்ல.”

ஓரின் வாய்விட்டுச் சிரித்தான். “வந்துட்டா! செங்கல் பாவினவ வேற என்ன சொல்லுவா?”

“நீ அப்போ கடற்படையில இருந்தே. எனக்குப் பதினாறு வயசு. அடுப்பு செக்கச்செவேல்னு இருந்தப்போ ஒரு கெட்டில் பச்சைத் தண்ணியைக் கொட்டிட்டேன். இந்தப் பக்கத் தகடு படார்னு வெடிச்சுப்போச்சு. அப்பா வலது பக்கத்தைக் கழட்டிட்டுப் போய், அதையே மாதிரியா வெச்சு வார்ப்புப் பட்டறையில ஒண்ணு ஊத்திட்டு வந்தாரு. அம்மா அத்தை வீட்டுல இருந்து திரும்புறதுக்குள்ள மாட்டியாச்சு.”

“எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே?”

“அம்மாவுக்கே தெரியாது. உனக்கு எதுக்குச் சொல்லணும்?”

“நல்லாத்தான் கதை விடுற.”

டோர்கஸ் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே கொடி, ஒரே இலை, ஒரே கறுப்புப் பூச்சு. “கண்ணுக்கு வித்தியாசம் தெரியல. ஆனா ஒரு வழி இருக்கு. இரும்பு ஆறினா சுருங்கும். அசல் தகட்டை மாதிரியா வெச்சு மணல்ல ஊத்தினா, புதுசு கொஞ்சம் குட்டையாத்தான் வரும். கழட்டிப் பாத்துடலாமா?”

திருகாணிகளுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்தார்கள். ஹெஸ்டர் டார்ச்சை வாங்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டும் ஒரே அளவாக இருந்துவிட்டால் அடுப்பு போவது ஒருபுறம். ஆயுசுக்கும் அண்ணன் அவளைப் புளுகி என்றே கூப்பிடுவான்.

இரண்டு தகடுகளையும் மேஜையில் முதுகோடு முதுகாக நிறுத்தினார்கள். இடது பக்கத் தகடு குட்டை. ஓரின் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். பிறகு பையிலிருந்து சில்லறை எடுத்து அதன் தலையில் அடுக்கினான். மூன்று காசு வைத்ததும் இரண்டும் சமமாயின.

“மிச்ச இடத்தையெல்லாம் அடுப்புச் சிமெண்ட் வெச்சு அடைச்சிருக்காரு. என் கண்ணுலயே மண்ணைத் தூவிட்டாரு உங்கப்பா, கெட்டிக்காரர்,” என்ற டோர்கஸ், எழுதியதை அடித்துவிட்டு வேறு எண் போட்டாள். “நானூத்தம்பது. அதுக்கு மேல எவனும் தரமாட்டான்.”

ஓரின் தங்கையையே பார்த்துக்கொண்டு நின்றான். கோபிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தாள்.

“ஒரு கெட்டில் தண்ணியில ஆயிரத்து முந்நூத்தம்பது டாலர்! கடல் முழுக்கச் சுத்தினேன், நான்கூட இவ்வளவு சேதம் பண்ணலடி.”

“எடுத்துக்கட்டுமா அண்ணா?”

“வேற யாரு எடுப்பா? அந்தப் பக்கம் பிடி.”

தகடு தகடாக அவனுடைய வண்டியில் ஏற்றினார்கள். கடைசித் தூணை வைத்துக் கதவைச் சாத்தியபோது அவன் சொன்னான்: “முதல் பனி விழுந்ததும் வந்து உக்காந்துக்குவேன். ஆனா ஒண்ணு, உனக்குத் தண்ணி வேணும்னா சமையலறையிலயே குடிச்சிட்டு வந்துடு.”